பேரணியா, பள்ளி மைதானமா, சமையற்கூடத்து உப்பா: சுகாதாரத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை எதில் போடுவது?

மூன்று ஆண்டுக்கான பணம் கையில் இருக்கிறது. நல்ல உணவுப் பழக்கத்தையும் உடலுழைப்பையும் மக்களிடம் கூட்ட வேண்டும் என்பது பொறுப்பு. நகர நிர்வாகமோ, மாவட்டச் சுகாதார அலுவலகமோ, ஆயிரம் பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலையோ, யார் இந்த இடத்தில் நின்றாலும் மேசைக்கு வரும் யோசனைகள் ஏறக்குறைய ஒன்றுதான். விளம்பரப் பிரசாரம், பள்ளித் திட்டம், வாரம் ஒருநாள் சாலையை மூடி மக்களை நடக்கவிடுவது, நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்குக் குழுப் பயிற்சி, பொதுச் சமையற்கூடங்களில் உணவின் தரத்தை மாற்றுவது. இவற்றுக்கு மேலே அரசு மட்டுமே செய்யக்கூடிய வரியும் பொட்டல எச்சரிக்கையும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால் எதுவும் வேர் பிடிக்காது. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒப்பிட எத்தனையோ அளவுகோல்கள் உண்டு. எங்களுக்கு முதன்மையானது ஒன்றுதான்: இந்தத் திட்டம் பலன் தர வேண்டுமென்றால், ஒரு சாதாரண மனிதர் தினமும் எத்தனை முடிவு எடுக்க வேண்டும்? விளம்பரம் பார்த்துத் திருந்த வேண்டியவர் ஒவ்வொரு வேளையும் மனதோடு போராட வேண்டும். சமையற்கூடத்தில் உப்பு குறைந்தால் சாப்பிடுபவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. முடிவுகள் கூடக்கூட, பலன் நேரமும் படிப்பும் பணமும் உள்ளவர்களிடமே போய்ச் சேரும். இரவு ஷிப்ட் முடித்து வருபவரும், கைக்குழந்தையோடு இருக்கும் தாயும், முட்டிவலிக்காரப் பெரியவரும் வெளியே நிற்பார்கள். பொதுப் பணம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான்.

எட்ட வேண்டிய அளவுகளில் குழப்பம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, காய்கறியும் பழமும் சேர்ந்து 400 கிராம், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. 2022 கணக்கில் உலகப் பெரியவர்களில் 31% பேர் உடலுழைப்பு அளவை எட்டவில்லை. பதின்வயதினரில் எட்டாதவர்கள் ஐந்தில் நால்வர்.

பிரசாரம்

தொடங்க இதைவிட எளிய வழி இல்லை. பேனர், வானொலி, குறும்படம், ஒரு பேரணி. இரண்டு மாதத்தில் புகைப்படத்தோடு அறிக்கை அனுப்பிவிடலாம். முதலில் இது தேர்வாவதற்குக் காரணமும் அதுவே.

பிரசாரம் வேலையே செய்யாது என்பதல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002 முதல் 2006 வரை 9–13 வயதுப் பிள்ளைகளுக்காக நடத்திய 'வெர்ப்' பிரசாரத்தில், விளம்பரங்களை அதிகம் பார்த்த பிள்ளைகள் அதிகம் ஓடியாடினார்கள். ஆனால் அதற்கு முதல் ஒதுக்கீடு மட்டுமே 12.5 கோடி டாலர். கனடாவின் 'பார்ட்டிசிப்ஆக்ஷன்' 1971-ல் தொடங்கி, 2001-ல் நிதியில்லாமல் நின்று, 2007-ல் மறுபடி உயிர்பெற்றது. ஆண்டுக்கணக்கில் விடாமல் ஒலித்தால்தான் விளம்பரம் நிற்கும். சிறிய நிதியில் அது நடக்காது.

பணம் குறைவென்றால் பிரசாரத்தைத் தனியாக நடத்த வேண்டாம். வேறொரு திட்டத்தின் அழைப்பிதழாக ஆக்கிவிடுங்கள். 'ஆரோக்கியமாக உண்ணுங்கள்' என்ற வாசகத்தைப் படித்தவர் நாளைக் காலை என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் தோன்றாது. எந்தத் திடல், எந்தக் கிழமை, எத்தனை மணி, குழந்தையைக் கூட்டி வரலாமா, எந்தச் செருப்பும் போதுமா என்று சொல்லும் துண்டறிக்கைக்கு ஆட்கள் வருவார்கள். மொத்த நிதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதற்குப் போகக் கூடாது என்பது எங்கள் கருத்து.

பள்ளி

எல்லோருக்கும் பிடித்த யோசனை. பிள்ளைகள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஏழை பணக்காரர் வேறுபாடில்லாமல் எட்டலாம். ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளாவிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிள்ளைகளுக்கான உடலுழைப்புத் திட்டங்கள் பலவற்றைச் சேர்த்து ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு, கூடுதலாகக் கிடைத்தது நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிட நடையோ ஓட்டமோதான் என்று கண்டது. இங்கிலாந்தில் 54 பள்ளிகளில் நடந்து 2018-ல் முடிவு வெளியான 'வேவ்ஸ்' ஆய்வில் தினமும் 30 நிமிடக் கூடுதல் இயக்கம், பெற்றோரோடு சமையல் பயிலரங்கு எல்லாம் வைத்தும் பிள்ளைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை.

இதற்காகப் பள்ளியை விட்டுவிடக் கூடாது. எடைக் குறைப்பை இலக்காக வைப்பதை விட்டுவிட வேண்டும். அது பிள்ளைகளை நோகடிக்கவும் செய்யும். சிங்கப்பூர் 1992-ல் தொடங்கிய பள்ளித் திட்டம், எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்துப் பயிற்சி தந்தது. அந்தப் பிள்ளைகள் கேலிக்கு ஆளாகிறார்கள் என்ற குறை தொடர்ந்து எழுந்தது. 2007-ல் அது கைவிடப்பட்டது. வரிசையில் நிற்கவைத்து எடை பார்ப்பது, எண்ணைச் சத்தமாகச் சொல்வது, குண்டுப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, இந்த மூன்றும் எந்தத் திட்டத்திலும் இடம்பெறக் கூடாது.

பள்ளியில் பணத்தைப் போட மிகச் சரியான இடம், ஏற்கெனவே இருக்கும் விளையாட்டு பீரியட். நாற்பது நிமிட வகுப்பு ஒன்றைப் பக்கத்திலிருந்து பாருங்கள். வகுப்பிலிருந்து மைதானம் வர 5 நிமிடம், வருகைப் பதிவுக்கு 5, விளக்கம் சொல்ல 5, மணியடிக்கும் முன் திரும்ப 5. மிச்சம் இருபது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பந்து. அணிக்குப் பதினொருவராக இருபத்திரண்டு பேர் ஆட, பதினெட்டுப் பேர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடுபவர்களிலும் பந்து பக்கத்தில் வரும்போதுதான் ஓட்டம். ஓட்டம் மிகவும் தேவைப்படும் பிள்ளை கோல் கம்பத்தில் சாய்ந்து நிற்கும், அல்லது புள்ளி எழுதும்.

மாற்றத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: எட்டுப் பந்துகள், சுண்ணாம்புக் கோடு போட்ட எட்டுச் சதுரங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மீட்டருக்கு 10, ஐந்தைந்து பேராக எட்டுக் குழு, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சதுரம் மாறுவது. வருகைப் பதிவு வகுப்பிலேயே முடிந்துவிட வேண்டும். விளக்கம் ஒரு தடவைக்கு அரை நிமிடம். 'அவுட்' ஆனால் வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்கள் வேண்டாம். முதலில் அவுட் ஆவதும் அதிக நேரம் உட்காருவதும் அதே பிள்ளைதான்.

பலித்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன்பே நான்கு பிள்ளைகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, கடிகாரத்தோடு ஒருவர் ஓரமாக உட்காரட்டும். ஒரு பிள்ளையைப் பத்து விநாடி பார்த்து, அடுத்த பத்து விநாடியில் படுத்திருந்ததா, உட்கார்ந்ததா, நின்றதா, நடந்ததா, வேகமாக ஓடியாடியதா என்று குறிக்க வேண்டும். சில நிமிடங்களுக்குப் பிறகு அடுத்த பிள்ளை. குறிப்புகளில் பாதிக்கு மேல் நடையோ அதைவிட வேகமோ இருந்தால் வகுப்பு நன்றாக நடக்கிறது. முதல் முறை எடுக்கும்போது எண் மிகக் குறைவாக வந்தால் உடற்கல்வி ஆசிரியரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு பந்தை வைத்துக்கொண்டு யாராலும் வேறு செய்திருக்க முடியாது.

இரண்டாவது நல்ல செலவு, 15 நிமிட நடை-ஓட்டம். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகர ஆரம்பப் பள்ளி ஒன்றில் 2012-ல் தொடங்கிய 'டெய்லி மைல்' முறை இது. உடை மாற்ற வேண்டாம், சாமான் வேண்டாம், பிள்ளை தன் வேகத்தில் போகலாம். கெடுவது எப்படியென்றால்: போட்டியாக மாற்றி முதலாவது வந்தவருக்குப் பரிசு தருவது, இதைக் காட்டி விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவது, தண்டனையாக 'இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு' என்பது. தண்டனையாக ஓடிய பிள்ளைக்கு ஓட்டமே கசந்துபோகும். இதை ஆசிரியர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மூன்றாவது, குடிநீர். ஜெர்மனியின் டோர்ட்மண்ட், எஸ்சன் நகரங்களில் 32 ஆரம்பப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், குடிநீர்க் குழாய் அமைத்துத் தண்ணீர் பற்றி நான்கே பாடம் நடத்திய பள்ளிகளில், எடை கூடும் அபாயம் மற்றப் பள்ளிகளைவிட 31% குறைந்தது. குழாய் வகுப்பறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அது சுத்தமானது என்று பிள்ளை நம்ப வேண்டும். கழிப்பறையை ஒட்டி வைத்த குழாயில் யாரும் குடிக்க மாட்டார்கள்.

சமையற்கூடம்

புகைப்படத்துக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. பலன் மட்டும் கிடைக்கும். விடுதி, மருத்துவமனை, தொழிற்சாலை கேன்டீன் என்று உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் எந்தச் சமையற்கூடத்திலும் நாளையே தொடங்கலாம்.

உப்பை எடுத்துக்கொள்வோம். சமையல்காரரிடம் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டால் 'கை அளவு' என்பார். அந்தக் கேள்வியே வேண்டாம். மாதத்தில் வாங்கிய உப்பைச் சாப்பாட்டு எண்ணிக்கையால் வகுங்கள். 400 பேருக்கு மதியச் சாப்பாடு, மாதம் 24 நாள், வாங்கிய உப்பு 36 கிலோ என்றால், 36,000 கிராமை 9,600 சாப்பாட்டால் வகுக்க 3.75 கிராம் வருகிறது. நாள் முழுவதற்குமான வரம்பே 5 கிராம். ஒரு சாப்பாட்டுக்கு 2 கிராம் என்பது நியாயமான இலக்கு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 3.4, 3.0, 2.7, 2.5, 2.2, 2.0 என்று ஆறு படியில், ஏறக்குறைய அரை ஆண்டில் அங்கே வந்துவிடலாம். நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் அடுத்த நாள் சாப்பாட்டுக் கூடம் கொந்தளிக்கும், அதற்கடுத்த நாள் பழைய அளவு திரும்பிவிடும்.

இங்கிலாந்தில் 2003-ல் தொடங்கிய உப்புக் குறைப்பு இதே வழியில் போனது. உற்பத்தியாளர்கள் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். 2001 வாக்கில் ஒருவருக்கு நாளுக்கு 9.5 கிராமாக இருந்தது 2011-ல் 8.1 ஆனது.

தவறும் இடங்கள் மூன்று. மாதக் கிலோக் கணக்கில், சமையல்காரர் கையால் அள்ளிப் போடும் அளவு தெரியாமல் போய்விடும். பழைய கரண்டியை எடுத்துவிட்டு, ஒரு பாத்திரத்துக்கு இத்தனை தட்டிய கரண்டி என்று எழுதி ஒட்ட வேண்டும். ஆயத்தக் கலவைகளிலும் பொடிகளிலும் ஏற்கெனவே உப்பு இருக்கும். உப்பு மூட்டை குறைந்து கலவைப் பாக்கெட் கூடினால் கணக்கு பொய்யாகிவிடும், அதையும் சேர்த்தே எண்ணுங்கள். மேசைமேல் உப்புக் குப்பி இருந்தால் சுவைக்கும் முன்பே தூவுவார்கள்; அதை மேசையிலிருந்து எடுத்துப் பரிமாறும் இடத்தில் வையுங்கள், வேண்டுமென்பவர் எழுந்து போய் எடுத்துக்கொள்ளட்டும்.

பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் வரும். சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பக்கவாதத்தை 14% குறைத்தது. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாத பொதுக் கூடத்தில் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

எண்ணெய், சர்க்கரை இரண்டுக்கும் இதே வகுத்தல் கணக்குப் போதும். காய்கறியிலும் பழத்திலும் ஒரு சாப்பாட்டுக்கான அளவைக் கூட்டுகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. இந்த எண்களை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். நல்லெண்ணத்தில் நடக்கும் மாற்றம், ஒப்பந்ததாரர் மாறும் அன்றே போய்விடும்.

குழுப் பயிற்சி

ஆழமான பலன் வேண்டுமென்றால் இதற்கு நிகர் இல்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7% குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இரண்டு இலக்குகளோடு பழக்கவழக்கத்தை மாற்றியவர்களுக்கு நோய் வருவது 58% குறைந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரைக்குக் கிடைத்தது 31%. இந்தியாவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில் பழக்கவழக்க மாற்றத்துக்குக் கிடைத்த குறைவு 28.5%. எண் சிறியதென்றாலும் அதுவும் பெரிய பலன்தான்.

ஆனால் எட்டும் ஆட்கள் குறைவு. பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் நான்கு குழு, குழுவுக்குப் பன்னிரண்டு பேர் நடத்தலாம். பதினாறு வாரம் வாராந்தர வகுப்பு, பிறகு ஆண்டு முடியும்வரை மாதாந்தரச் சந்திப்பு. இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பேர். ஊரில் விளிம்பில் இருப்பவர்கள் பத்தாயிரம் பேர் என்றால் ஒரே பயிற்றுநருக்கு நூறு ஆண்டு ஆகும். ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதுதான் இங்கே எல்லாம். வருகிறவரையெல்லாம் சேர்த்தால் ஏற்கெனவே அக்கறையுள்ளவர்கள் இடத்தை நிரப்பிவிடுவார்கள். இரத்தப் பரிசோதனையில் விளிம்பு எண் வந்தவர்களை, மருத்துவரே பெயர் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஆட்கள் உதிர்வது பெரும்பாலும் தொடக்க வாரங்களில்தான். ஒரு வகுப்பைத் தவறவிட்டவர் வெட்கத்தால் அடுத்ததற்கும் வர மாட்டார். வராத அன்றே ஒரு போன் போட்டு, 'இன்று என்ன பேசினோம் தெரியுமா' என்று இரண்டு நிமிடம் சொன்னால் திரும்பி வருவார். பயிற்றுநரின் வேலை நேரத்தில் இந்தப் போனுக்கும் மணிக்கணக்கு ஒதுக்குங்கள். எடை பார்ப்பது திரைக்குப் பின்னால் இருக்கட்டும். அடி எண்ணும் கருவி கொடுத்தால் தினசரி இலக்கையும் சேர்த்துக் கொடுங்கள். 2007-ல் வெளியான தொகுப்பாய்வில், கருவி அணிந்தவர்களுக்கு நாளுக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல் கூடியது. இலக்கு இல்லாமல் வெறும் கருவி மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

சாலையை மூடுவது

கொலம்பியாவின் பொகோட்டா 1974 முதல் இதைச் செய்கிறது. ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 முதல் மதியம் 2 வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலை நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும். 2012-ல் வெளியான செலவுக் கணக்கு, ஒரு பங்கேற்பாளருக்கு ஆண்டுச் செலவு பொகோட்டாவில் 6 டாலர், சான் பிரான்சிஸ்கோவில் 70.5 டாலர் என்றது. தடுப்பு வைக்கும் செலவும் போக்குவரத்துக் காவலர் செலவும் எத்தனை பேர் வந்தாலும் ஒன்றுதான். கூட்டம் பெருகினால் மலிவு, இல்லையேல் விலையுயர்ந்த கேளிக்கை.

வாரந்தோறும் அதே நாள், அதே நேரம் நடக்காவிட்டால் இதைத் தொட வேண்டாம். ஆண்டுக்கு ஒருநாள் நடத்துவது திருவிழா, பழக்கம் ஆகாது. பாதை வட்டமாக வளைந்து தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும், அரை கிலோமீட்டருக்கு ஒரு உட்காரும் இடம், தண்ணீர், கழிப்பறை. இவை இல்லாத பாதையில் இளைஞர்களை மட்டும்தான் பார்க்க முடியும். சாலையோரக் கடைக்காரர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, சரக்கு இறக்கும் நேரத்தை அவர்களே குறிக்கட்டும்.

வரியும் எச்சரிக்கையும்

மெக்சிகோ 2014-ல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் இரண்டு ஆண்டில் வாங்கும் அளவு சராசரியாக 7.6% குறைந்தது, ஏழைக் குடும்பங்களில் அதைவிடக் கூடுதலாக. பிரிட்டன் 2018-ல் சர்க்கரை அளவைப் பொறுத்துப் படிப்படியாக வரி வைத்தது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை. வரி அமலாகும் முன்பே நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்தன, அதாவது குடிப்பவர் எதையும் மாற்றாமலே சர்க்கரை குறைந்தது. சிலி 2016-ல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ கூடிய பொருள்களின் பொட்டலத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையோடு பிள்ளைகளுக்கான விளம்பரத் தடையையும் பள்ளி விற்பனைத் தடையையும் சேர்த்தே கொண்டுவந்தது; எச்சரிக்கை பெற்ற பானங்களின் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விழுந்தது.

நகர அளவில் வரி போடும் அதிகாரம் இருந்தால் அமெரிக்காவின் பிலடெல்பியாவைப் பாருங்கள். 2017-ல் போட்ட பான வரிக்குப் பிறகு நகருக்குள் அந்தப் பானங்களின் விற்பனை 51% குறைந்தது. எல்லைக்கு வெளியே போய் வாங்கியதைக் கழித்தால் 38%. சிறிய எல்லை என்றால் கசிவு கூடும்.

யார் எதை எடுப்பது

அரசு மட்டத்தில் இருப்பவர்கள் வரியையும் எச்சரிக்கையையும் முதலில் எடுக்க வேண்டும்; செலவு மிகக் குறைவு, எட்டாத ஆள் இல்லை. நகர நிர்வாகத்துக்கு எங்கள் பரிந்துரை: முதல் ஆண்டு முழுவதும் சமையற்கூடமும் விளையாட்டு பீரியடும். பணத்தில் பாதி அங்கே. மூன்றில் ஒரு பங்கு மருத்துவர் அனுப்பும் குழுப் பயிற்சிக்கு. மிச்சம் அழைப்புக்கும் அளவெடுப்புக்கும். வாரந்தோறும் சாலையை மூட உறுதியில்லாதவர்கள் அந்தப் பணத்தைக் குடிநீர்க் குழாய்க்குத் திருப்பலாம். தொழிற்சாலை என்றால் கேன்டீனோடு நிறுத்தாமல், ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே குழு வகுப்பை வையுங்கள். வேலை முடிந்தபின் வைத்தால் வீட்டில் பொறுப்பு உள்ள பெண்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

தனித்தனியாகச் சிறியவை ஒன்றுசேர்ந்து நின்றதற்குச் சான்று ஃபின்லாந்தின் வடக்குக் கரேலியா. 1972-ல் அங்கே பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய பணியில், இல்லத்தரசிகள் அமைப்பு சமையல் மாலைகளை நடத்தியது, பால் பண்ணைகளும் இறைச்சிப் பதப்படுத்துவோரும் பொருளை மாற்றினார்கள், புகைப்பழக்கம் எதிர்க்கப்பட்டது. நாற்பது ஆண்டில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சொல்லிக்கொடுத்ததும் கடையில் கிடைத்ததும் ஒரே திசையில் நகர்ந்தன.

எதை எடுத்தாலும், தொடங்கும் முன் அளவெடுங்கள்: உப்பு வாங்கிய ரசீது ஆறு மாதத்துக்கு, மூன்று வகுப்பில் கடிகாரக் குறிப்பு, குழுவில் சேர்ந்தவர்களின் எடையும் இரத்த எண்ணும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கருவி, அதே நேரம், அதே ஆள். வந்தவர்கள் எண்ணிக்கையை எழுதும்போது பதிவேட்டை நம்பாமல் தலையை எண்ணுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பத்தியில் இரவு ஷிப்ட்காரர்கள் எத்தனை பேர், அறுபது வயதுக்கு மேல் எத்தனை பேர், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று குறியுங்கள். அந்தப் பத்தி இரண்டு முறை தொடர்ந்து காலியாக இருந்தால், மூன்றாவது முறைக்கு முன் நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள்.